மணலுக்குக் கீழே கிடந்த தெரு

நெடுங்கேணிக்குக் கிழக்கே காட்டோரத்தில் குடியிருக்கும் சுதர்சினி, எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். முழங்காலில் நின்றபடி, நாளுக்குச் சில முழத் தரையை மட்டும் சுரண்டிச் சுரண்டி முன்னேறுகிற வேலை அது. அப்படி ஊர்ந்த ஒரு காலையில்தான் அவளுடைய கரண்டியில் ஒரு கல் தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலும் ஒன்று. எல்லாம் தட்டையாகச் செதுக்கி, விளிம்போடு விளிம்பு பொருத்திப் பாவியவை.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "இரும்பு இல்லைத்தானே? விட்டிட்டு அங்கால போங்கோ."

அவள் போனாள். கல் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் இரு கரைகளும் வெடி நீங்கித் துப்புரவாகி ஊராரிடம் கையளிக்கப்பட்டபோது அவளுடைய வேலையும் முடிந்தது. கச்சான் கடலை போட்டாள், கோழி வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தியும் குறித்துக்கொள்ள ஒரு கொப்பியுமாக, அந்தக் கல் வரிசையைத் தேடிக் காட்டுக்குள் இறங்கினாள். துணைக்குப் பக்கத்து வளவு வடிவம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு வந்து இங்கே வேர் பிடித்தவர். ஆட்டுக்கு இலை குழை வெட்டுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவார்.

"ரோட்டைக் கண்டுபிடிச்சு என்னா பண்ணப் போற, சுதா?"

"ஒண்டும் இல்லையக்கா. எங்க போகுதெண்டு பாக்கோணும், அவ்வளவுதான்."

தெரு துண்டு துண்டாகத்தான் அகப்பட்டது. ஓரிடத்தில் நடுவிலே பாலை மரம் முளைத்துப் பெருத்திருந்தது. ஓரிடத்தில் பாறை மேல் வண்டிச் சில்லுகள் தேய்த்த இரண்டு பள்ளங்கள். சுதர்சினி குந்தியிருந்து அந்தப் பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தாள். வழியெங்கும் யானை லத்தி கிடந்தது.

"ஆனைக்கு நம்மளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு" என்று வடிவம்மா சிரித்தார்.

தெருவைப் போட்டவர் பழைய அரசனா, வெள்ளைக்கார ஒல்லாந்தனா என்று ஊரில் ஆளுக்கொரு கதை. சுதர்சினி எதையும் மறுக்கவில்லை. கண்ட இடங்களை மட்டும் கொப்பியில் கோடாகக் கீறினாள். இரண்டாம் வருடம் கோடு ஆற்றங்கரையில் வந்து நின்றது. அக்கரையில் அதே நேர்கோட்டில் மறுபடி தொடங்கியது. அன்றிரவு சாப்பிடும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது: இடையில் ஆற்றைக் கடக்க ஏதோ இருந்திருக்க வேண்டும்.

ஊரின் வயல்கள் அக்கரையில்தான். ஒவ்வொரு மாரிக்கும் உழவு இயந்திரங்கள் ஆற்றைக் கடக்கையில் மணலில் புதைந்து, விதைப்பு பிந்தும். போன வருடமும் ஊர் விவசாயி இளையதம்பியரின் இயந்திரம் விதைநெல்லோடு ஆற்று மணலில் இறுகிவிட்டது. கூட்டமாக நின்று தள்ளிக்கொண்டிருந்தவர்களிடம் சுதர்சினி போனாள்.

"அண்ணை, ஆறு ஓடுற பக்கமா முப்பது அடி தள்ளிக் கல்லு இருக்கவேணும்."

"உந்த மணலுக்குள்ளயோ, பிள்ளை?" இளையதம்பியர் நம்பவில்லை.

அவள் அங்கு நின்றவர்களிடம் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை வாங்கி, சொன்ன இடத்துக்குப் போய், பழைய தொழிலில் பழகியபடி சரிவாகக் குத்தினாள். முழங்கை ஆழத்தில் 'டங்' என்றது. ஓரடி தள்ளிக் குத்தினாள், மறுபடி 'டங்'. இளையதம்பியர் போய் மண்வெட்டியை எடுத்தார். பன்னிரண்டு பேர் மத்தியானம் வரை மணல் அள்ளினார்கள். இக்கரையிலிருந்து அக்கரை வரை, ஒரு வண்டி போகும் அகலத்தில், கல் பாவிய தளம் நனைந்து மினுங்கியது. இழுத்து மீட்ட இயந்திரம் அதன்மேல் குலுங்காமல் ஏறிப் போனதும் வடிவம்மா கைதட்டினார். சுதர்சினிக்குத்தான் ஏனோ கண் கலங்கிவிட்டது.

அந்த முறை எல்லோரும் நேரத்துக்கு விதைத்தார்கள். பிறகு கிராம சேவகர் மூலம் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்க, இரண்டு அதிகாரிகள் வந்து அளந்து படமெடுத்தார்கள். தோண்டி ஆராயாமல் காலம் சொல்ல முடியாது, ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள் என்றார்கள். அவளுடைய கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அக்கரையில் தெரு ஒட்டுசுட்டான் பக்கமாக வளைகிறது. அறுவடையும் சூடடிப்பும் முடிந்ததும் அந்தத் துண்டைப் பார்க்கப் போவதாகச் சுதர்சினியும் வடிவம்மாவும் பேசி வைத்திருக்கிறார்கள். இளையதம்பியரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சோறும் மீன் குழம்பும் தன் பொறுப்பாம்.