பண்ணையார் உட்காரும் காட்சி

2023 அக்டோபர் 18, புதன். காலை ஆறு மணிக்குக் காரைக்கால்மேடு ஐஸ் பிளான்ட்டில் ஷிப்ட் எடுத்தேன். அமோனியா பிரஷரையும், ஐஸ் உறையும் உப்புநீர்த் தொட்டியான பிரைன் டேங்கின் குளிரையும் மணிக்கொரு தரம் பார்த்து லாக் புக்கில் எழுதினேன். பத்து மணிக்குள் படகுகளுக்கான ஐஸ் பார்கள் போய்விட்டன. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. நாலு மணிக்கு லோடிங் ஷெட்டில் நாடக ஒத்திகை.

ஆயுத பூஜைக்கு நாங்களே நாடகம் போடுவோம். அந்த வருடம் எழுதியவர் ஐஸ் உடைக்கும் எங்கள் கிரஷர் ஆபரேட்டர் அன்பழகன். விஞ்ஞானக் கதை. வருங்காலத்தில் செத்தவர்களின் நினைவை எடுத்து, ஐஸ் கட்டுவதுபோல உறைய வைத்து, வேறு உடம்பில் ஏற்றுகிறார்கள். ஒரு பண்ணையாரின் நினைவு கூலிக்காரர் ஒருவரின் உடம்பில் ஏறிவிடுகிறது. மறுபிறவி எடுத்தவர் தன் வீட்டுக்கே திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்காருகிறார். மகனுக்கு அடையாளம் தெரியவில்லை, விரட்டுகிறான்.

திரும்பி வரும் பண்ணையாராக அன்பழகனே நடித்தார். மகன் வேடம் மேனேஜர் ராஜகோபாலுக்கு. நிஜத்திலும் மேனேஜர் நிலம் உள்ள குடும்பம். அன்பழகனின் அப்பா அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்.

வசனத்தை ஐந்து பிரதி எழுதியது நான். அன்று அவற்றைக் கொடுத்ததும் அன்பழகன் நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அண்ணே, நான் உக்கார்றாருன்னுல்ல எழுதுனேன். நிக்கிறாருன்னு போட்டிருக்கீங்க?"

"மூணு நாளா நீ நின்னுக்கிட்டுதானே பேசுற?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நாற்காலிகிட்ட போனால் கால் மடங்க மாட்டேன் என்கிறது என்றார்.

"மெஷினு நெனப்ப மட்டுந்தான் மாத்துச்சு போல. முட்டி பழைய முட்டிதான்" என்றார் கம்ப்ரசர் ஓட்டும் சேகர். எல்லோரும் சிரித்தோம், அன்பழகனும்தான்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "நின்னுக்கிட்டே பேசேன்ப்பா. பூஜைக்கு எங்க ஊரு ஆளுங்கல்லாம் வருவாங்க. நான் நிக்க, நீ உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

இந்த ஒரு காட்சிக்காகத்தான் நாடகமே எழுதினேன், இது இல்லையென்றால் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று பிரதியைத் திருப்பி என்னிடம் நீட்டினார் அன்பழகன். பிறகு மேனேஜரிடம், குரலை உயர்த்தாமல்:

"நின்னா கூலி கேட்டு வந்தவன் மாதிரிதான் சார் இருக்கும். உங்க அப்பா உங்க வீட்டுல நிப்பாருங்களா?"

மேனேஜர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி, ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"எங்க அப்பா இப்படித்தான் உக்காருவாரு. பேசறப்ப ஆள நிமிந்து பாக்க மாட்டாரு." எழுந்து தள்ளி நின்றார். "வா, உக்காரு."

அன்பழகன் உட்கார்ந்தார். முதலில் நாற்காலியின் நுனியில். பிறகு நன்றாகச் சாய்ந்து, காலைத் தூக்கி வைத்து. நிமிர்ந்து பார்க்காமலே வசனத்தைச் சொன்னார். "யாரு நீ?" என்று மேனேஜர் அதட்ட வேண்டும். அன்று அவருக்கு அதட்டல் வரவில்லை. அப்படியே இருக்கட்டும், இதுதான் நன்றாக இருக்கிறது என்று எல்லோருமே சொன்னோம். ஆறு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இருபத்தாறு வருடமாகக் கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதுகிறவன் நான். மீட்டருக்கு அது போதும். மனிதர் நிற்பதைப் பார்த்தால், ஏன் நிற்கிறார் என்றும் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சற்று முன்பே போய், முதல் வேலையாக லாக் புக்கில் பிழை திருத்துவதுபோலவே ஐந்து பிரதிகளிலும் 'நிற்கிறார்' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே 'உட்காருகிறார்' என்று எழுதி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டேன்.