ஹாக்கி விருந்தாளிகளும் லாரித் தண்ணீரும்

"சோறு போடுதவன் கோவப்படப்படாது, கோவப்பட்டா..." என்று என் பெரிய மாமா கல்யாணப் பந்திகளில் சொல்லிக்கொண்டு திரிவார். கோபப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லத்தான் செய்தார். அது எனக்கு மறந்துபோயிற்று. மறந்தது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று, எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் கோவில்பட்டியில் நடந்த ஹாக்கி டோர்னமென்டில் தெரிந்துகொண்டேன். அப்போதுதான் பம்பாய் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். தமிழும் இங்கிலீஷும் படித்தவன், போதாக்குறைக்கு இந்தியும் பேசுவான் என்று சொல்லி, வெளியூர் டீம்களின் சாப்பாடு, தங்கல், குளியல் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பதவியின் பெயர் உபசரிப்புக் கமிட்டித் தலைவர். கோயில் கொடையிலோ மச்சினன் கல்யாணத்திலோ இப்படிச் சிக்கிக்கொண்ட அன்பர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

கமிட்டிச் செயலாளரான ஜவுளிக்கடை அண்ணாச்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, வடக்கேயிருந்து வாரவிய முகம் சுளிச்சிட்டுப் போனா அடுத்த வருசம் வரமாட்டாவ. அவிய வரலைன்னா இது சுத்துப்பட்டிப் பயலுவ ஆட்டமாப் போயிரும்."

பஸ்ஸுக்கு நேரமாகவில்லை

பரிமாற வந்தவர்களில் முக்கியமானவர் சுப்பையா. கடம்பூர்ப் பக்கத்துச் சம்சாரி. கோடையில் கரிசல் காட்டில் உழவு வேலை கிடையாது. சம்பளம் வேண்டாம், ஆட்டம் பார்க்க விட்டால் போதும் என்று வந்தார்.

நம் பக்கத்துப் பந்தியில் முதல் 'போதும்' மரியாதைக்குச் சொல்வது. அதற்குப் பிறகும் ஒரு கரண்டி விழும். இலையை இரண்டு கையாலும் மறைத்தால்தான் நிஜமான போதும். பஞ்சாப்பிலிருந்து வந்த டீமுக்கு இது எப்படித் தெரியும்? ஆறடி உயரக் கேப்டன் சர்தார்ஜி, "பஸ், பஸ்" என்றார். அவர் பாஷையில் போதும் என்று அர்த்தம். சுப்பையா சோற்றைத் தள்ளினார். "பஸ், பஸ்!" இன்னும் ஒரு கரண்டி. அடுத்த வரிசையிலிருந்து நான் ஓடி வருவதற்குள் இலையில் ஒரு குன்றே எழும்பிவிட்டது. மனிதர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் அத்தனையையும் சாப்பிட்டு முடித்தார். நான் வாய் பிளந்து நின்றேன். சுப்பையா அவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "பஸ்ஸுக்கு என்ன அவசரம் அண்ணாச்சி? அது சாயங்காலந்தான் வரும். நீங்க நல்லாச் சாப்பிடுங்க."

குளியல் தரிசனம்

சாப்பாடு செரித்ததும் சர்தார்ஜி, டீம்கள் தங்கியிருந்த கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் தலைப்பாகையை அவிழ்த்தார். இடுப்பு வரை இறங்கிய முடி. அதை அலச வாளி வாளியாகத் தண்ணீர் போயிற்று. குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த கோடை அது. ஆனாலும் விருந்தாளியிடம் போய், 'பார்த்து ஊற்றுங்கள்' என்று சொல்ல நாக்கு வருமா?

நானும் சுப்பையாவும் தூணோடு தூணாக நின்றோம். எரிச்சல் வரவேண்டிய இடம். வந்தது என்னவோ பிரமிப்புதான். ஒரு மனிதன்மேல் அவ்வளவு தண்ணீர் விழுவதைப் பார்த்து எங்களுக்கு நாளாகியிருந்தது. சுப்பையா என் காதில் கிசுகிசுத்தார்: "நம்மூர்ல மழைகூட இம்புட்டு நேரம் பெய்யாதே, அண்ணாச்சி!"

கரண்டியோடு ஒரு ரசிகர்

செமிபைனலுக்கு பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பம்பாயில் பெரிய ஸ்டேடியங்களைப் பார்த்தவன் நான். அங்கே கோலுக்குக் கைதட்டுவார்கள். இங்கே, திரும்பிப் பார்க்காமல் தள்ளிவிட்ட ஒரு பாஸுக்கு மொத்தக் கூட்டமும் "ஆகா" என்றது. பெனால்டி கார்னர் என்றால் சுண்டல்காரர்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டார்.

சர்தார்ஜி பந்தோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தார். சாம்பார்க் கரண்டியும் கையுமாக ஓடி வந்திருந்த சுப்பையா கோட்டோரம் நின்று கத்தினார்: "ஏலே, நீயே வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற? எடது பக்கம் குடுலே!" பந்தியில் அண்ணாச்சி, மைதானத்தில் ஏலே. பந்து இடது பக்கம் போயிற்று. அங்கிருந்து கோலுக்குள் விழுந்தது. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. சுப்பையா மட்டும் அசரவில்லை. "பாத்தீயளா, அவருக்குத் தமிழ் தெரியுது! நம்மகிட்டதான் பஸ்ஸு பஸ்ஸுன்னு நடிக்காரு."

ஒரே லாரி

சர்தார்ஜி டீமைப் பைனலுக்கு அனுப்பிய அன்றைய ஆட்டத்தில் புழுதி பந்தையே மறைத்தது. விழுந்த ஒருவருக்கு முழங்கால் தோல் உரிந்துவிட்டது. தண்ணீர் தெளிக்காமல் பைனல் ஆட முடியாது. ஊரில் தண்ணீர் இல்லை. பைனல் அன்று காலை, அன்றைய சமையலுக்கும் குளியலுக்கும் என்று எட்டத் தோட்டக் கிணற்றில் நான் சொல்லி வைத்திருந்த ஒரே லாரி மண்டபத்து வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே சைக்கிளில் ஜவுளிக்கடை அண்ணாச்சி. "தம்பி, இந்தத் தண்ணி விருந்தாளிக்கா, ஆட்டத்துக்கா? ஒம்ம லாரி. நீரே சொல்லும்."

அதற்குள் சுப்பையா தெருவுக்குள் போய் வீடு வீடாகத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்கு ஒரு குடம் இருந்தாலே பெரிது. அந்தக் குடங்கள் பெண்களின் இடுப்பில் ஏறி வரிசையாக மண்டபத்துக்குள் வந்தன. எனக்குக் கும்பிடத் தோன்றியது. முன்னால் வந்த அம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை முறைத்தாள்: "மறக்காமத் திருப்பித் தந்திரணும். போன கல்யாணத்துக்குக் குடுத்த அண்டாவே இன்னும் வந்து சேரலை."

சோற்றுக்கு ஆயிற்று. குளியலுக்கு? பைனல் அன்று தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மைதானத்தில் இறங்குவது சர்தார்ஜியின் வழக்கம். வந்ததிலிருந்து வாய்விட்டு அவர் கேட்டது அது ஒன்றுதான். ஆகட்டும் என்று நானும் சொல்லியிருந்தேன். 'குளிக்காமல் ஆடுவீர்களா' என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார். விருந்தாளியை அப்படிச் சொல்ல வைப்பதற்குப் பெயர் உபசாரம் இல்லை.

லாரிச் சத்தம் கேட்டு அவரே வாசல்படிக்கு வந்துவிட்டார். முடியை அவிழ்த்துவிட்டு, தோளில் துண்டோடு. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்துச் சிரித்தார். "வந்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டார்.

அவரிடம் கேட்காமலே, வாக்குத் தவறிய பழி என்னோடு போகட்டும் என்று, லாரியை மைதானத்துக்குத் திருப்பும்படி டிரைவரிடம் சொன்னேன்.