காயாத நெல்

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு புறம்போக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து எரிவாயுக் கிணறு தோண்டியது. வாயு வந்தது. ஊருக்கு ஒருவேளை டீ போடக்கூடக் காணாது என்கிற அளவில் வந்தது. கட்டுப்படியாகாது, மூடிவிடலாம் என்று மேலே முடிவெடுத்து, நிலம் சம்பந்தமான வேலைகளைப் பார்க்கிற என் தலையில் கட்டினார்கள். தோண்டும்போது பூசணிக்காய் உடைத்துப் போட்டோ எடுத்துக்கொண்ட ஒருவர்கூட மூடும்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

குத்தகைப் பத்திரத்தின்படி கிணற்றுக்குள் சிமெண்ட் இறக்கி அடைக்க வேண்டும். பிறகு நிலத்தை முன்பிருந்த நிலைக்கே கொண்டுவந்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அடைக்கிற வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது. முன்பிருந்த நிலைதான் என் உயிரை எடுத்தது.

அந்த நிலை எனக்கு நன்றாகவே தெரியும். சீமைக் கருவேல முள். அதற்கு நடுவே, விடிந்தும் விடியாமலும் ஊர் ஆண்கள் தண்ணீர் பாட்டிலோடு ஒதுங்குகிற இடம். முதல்முறை அளக்கப் போனபோது ஒவ்வொரு அடிக்கும் கீழே பார்த்துத்தான் நடந்தேன். அதைத் திரும்பக் கொண்டுவர டெண்டர் விடவா முடியும்?

முள்ளை வெட்டி, எங்கள் இயந்திரங்கள் நிற்பதற்காகப் பெரிய சிமெண்ட் தளம் போட்டிருந்தோம். இயந்திரங்கள் போன கையோடு ஊரார் அதில் நெல் காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை எளாவூர் போகிற நெடுஞ்சாலை ஓரம்தான் அவர்களுக்குக் களம். நெல்லைக் கிளறும்போது பக்கத்திலேயே லாரி சீறிக்கொண்டு போகும். ஊர் சார்பில் என்னிடம் பேச ஓர் அக்கா வந்தார். அவர் புருஷன் கால்மேல் லாரி ஏறியதும் அந்த ரோட்டில்தான்.

"தளத்த ஒடைக்காத சார். மறுபடி எங்கள ரோட்டுக்குத் தொரத்தாத," என்றார் அக்கா. கெஞ்சவில்லை, அதட்டினார். எனக்கும் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல, அந்தப் பத்திரத்தின்மேல்.

நிலத்தைப் பார்வையிட வருவாய்த்துறை அதிகாரி ஒரு அம்மா வந்தார். "முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்று ஊராரைக் கேட்டார்.

"நெல்லுக் களம் மேடம்," என்றார் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"ஆமா, களம்தான்," என்று நாலு ஆண்கள் ஒத்து ஊதினார்கள். அந்த முள்ளுக்குள் ஒதுங்கியதே அவர்கள்தான்!

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

"களம்தான் மேடம்," என்றேன். சொன்னதும் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"சிமெண்ட் களமா, மண் களமா?"

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. சிமெண்ட் என்றால், புறம்போக்கில் யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். "மண் களம்," என்று முந்திக்கொண்டேன்.

"அப்போ சிமெண்ட்ட ஒடைச்சு எடுத்துட்டு, மண் களமாவே குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"இன்னா சார் நீ, வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா?" என்றார் அக்கா. "மண்ணுல கொட்டுனா நெல்லுல பாதி கல்லு. எந்த யாவாரி வாங்குவான்?"

தளத்தை உடைக்க வண்டி வந்தது. தளம் முழுக்க நெல். டிரைவர் ஆந்திர எல்லையோரத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. நெல்மேல் சக்கரத்தை ஏற்ற மாட்டேன் என்று இறங்கிவிட்டார். "காஞ்சதும் அள்ளிடுவோம்," என்றார் அக்கா. அடுத்தமுறை வண்டி வந்தபோது வேறொரு வீட்டு நெல் கிடந்தது. அதுவும் காயவில்லையாம். வெயிலோ மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

மூன்றாம் முறை டிரைவர் பொறுமை இழந்தார். "பேஜாரா கீது சார். நீங்களே பாத்து சொல்லுங்க, காஞ்சிச்சா இல்லியா?"

நெல் காய்ந்ததா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் தனியாகக் கருவி கிடையாது. இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். ஈரமிருந்தால் நசுங்கும், காய்ந்திருந்தால் உடையும். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

கடித்தேன். கடக்கென்ற சத்தம் டிரைவருக்குக் கேட்டது, அக்காவுக்குக் கேட்டது, ஓரமாக மேய்ந்த ஆடுகூடத் தலையைத் தூக்கியது. என் கடைவாய்ப் பல் விண்ணென்று தெறித்தது.

"இன்னும் ஈரம் போகல. வண்டியத் திருப்பு நைனா," என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார். அக்கா மறுபடி கிளற ஆரம்பித்தார்.

நிலம் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. தலைமை அலுவலகத்தில் கேட்கும்போதெல்லாம் நெல் காயவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே நெல்லைக் கடித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.