காலித் துப்பாக்கியும் நிறை மரக்காலும்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்த வாரத் தாள் கோழி கிளறிய களம் மாதிரி இருக்கிறது. பெரிய ‘ற’ வர வேண்டிய இடத்தில் சின்ன ‘ர’ உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இதைத் திருத்தி அச்சில் ஏற்றும் பத்திரிகை ஆபீஸ் தம்பிகளிடம் வாரா வாரம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்பேன். இந்த வாரம் எழுதியே கேட்கிறேன். அடித்துத் திருத்தியதும் அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் தஞ்சாவூர் மிலிட்டரி கேன்டீன் கியூவில் நின்றிருந்தேன். ரிட்டயரான எங்களுக்கு அதுதான் மாதாந்திரத் திருவிழா. சோப்பு, டீத்தூள், பிரஷர் குக்கர்... அப்புறம், துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்து எடுத்துப்போகிற பாட்டில்.

எனக்கு முன்னால் லீவில் வந்த ஒரு இளம் கிளார்க். அவருக்கு முன்னால் அய்யம்பேட்டை கனி பாய். பாய் அந்தக் காலத்தில் ஆர்மி டிரைவர்.

கிளார்க் தம்பி புலம்பிக்கொண்டிருந்தார். “என் வேலை டைப் அடிக்கிறது பாய். வருஷா வருஷம் ரேஞ்சுல கொண்டுபோய்ப் படுக்கப் போட்டு, சுடு சுடுங்கறாங்க. நான் என்ன பார்டர்லயா நிக்கிறேன்?”

“ஏன் தம்பி, ஜீப் ஓட்டுன எனக்கே வருஷத்துக்கு ஒருதடவ தோள்பட்டை வீங்கிச்சு. உங்களுக்கு மட்டும் என்ன பட்டுத் தோளா?”

“உங்க காலம் வேற பாய். இப்ப ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆளு. சுடுறவன் சுடட்டும். டாக்டர் ஊசியப் பிடிக்கட்டும். சமையக்காரர் கரண்டியப் பிடிக்கட்டும்.”

சமையல்காரர் என்றதும் பாய் மெல்லத் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. “இதோ நிக்கிறாரே... நம்ம யூனிட் குக்கு! இவரக் கேளுங்க. சொல்லுங்க அண்ணே, உங்களுக்கு எதுக்குத் துப்பாக்கி?”

கியூ மொத்தமும் என்னைப் பார்த்தது.

நான் ரேஷன் அட்டையைப் பார்ப்பது மாதிரி கேன்டீன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “அது வந்து...” என்றேன். நல்லவேளை, கவுண்டரில் கூப்பிட்டார்கள். தப்பித்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான் — பதில் பஸ் ஏறிய பிறகுதான் வரும். பாபநாசம் தாண்டும்போது முழுப் பதிலும் வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் பாய் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் யூனிட்டில் ஃபயரிங் நாள் என்றால் தனி வாசனை. விடியலுக்கு முன்பே நானும் இன்னொரு குக்கும் பக்கோடாவுக்கு வெங்காயம் நறுக்கி முடித்துவிடுவோம். அந்தக் கையோடு ரைஃபிளை வாங்கினால்... ஒரு கையில் வெங்காயம், ஒரு கையில் கன் ஆயில். இன்றைக்கும் வெங்காயம் நறுக்கினால் எனக்கு ரேஞ்ச் ஞாபகம்தான் வரும். கண்ணீர் எதற்காக என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

வரிசையில் யார் யார் தெரியுமா? சமையல்காரன், முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், பூட்ஸ் தைக்கிறவர். ஜவான்கள் சுட்டு முடித்த பிறகு எங்கள் முறை. எங்களைப் பார்க்கவே கூட்டம் கூடும். நான் சுட்ட குண்டுகள் பக்கத்து ஆளின் குறி அட்டையில் போய் உட்காரும். பக்கத்தில் படுத்திருந்த பார்பர் அந்த ஒரு வருஷம் யூனிட்டிலேயே நல்ல மார்க் வாங்கினார். எனக்கு இன்று வரை ஒரு டீ பாக்கி அவர்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாலக்காட்டுக்கார ஹவில்தார். குறி தவறினால் அவருக்குக் கோபமே வராது. “குக்கே, நீ குறி தவறலாம். இது மட்டும் தவறக்கூடாது” என்பார். எது? துப்பாக்கி கைக்கு வந்ததும் அதன் வாயைத் தரைக்குத் திருப்பு. தோட்டா போடுகிற இடத்தைத் திற. கண்ணால் பார். விரலை விட்டுத் தடவிப் பார். யார் கொடுத்தாலும்! இப்போதுதான் அவரே நம் கண் முன்னால் காலி செய்து கொடுத்திருப்பார். “காலி” என்று சொல்லியும் கொடுப்பார். நாம் நம்பி அப்படியே தோளில் மாட்டினால் போச்சு — ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை வலம் வர வேண்டும். விளையாட்டுக்குக்கூட ஒரு ஆள் பக்கம் திருப்பினால் இன்னும் மோசம். அன்று அவர் மீது எனக்கு இருந்த கடுப்பு... அவர் சப்பாத்தியை மட்டும் கொஞ்சம் தீய விடுவேன்.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். பாபநாசத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோரம்.

கோட்டையில் ஆட்சி மாறியிருந்த காலம். ஊருக்குள் ஒரு பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் செங்கொடி. அறுப்புக் கூலியை உயர்த்திச் சட்டமே போட்டிருந்தார்கள். ஆனால் சட்டம் மெட்ராஸில் பஸ் ஏறி எங்கள் ஊர் வந்து இறங்குவதற்குள் ஒரு போகம் அறுத்து முடிந்துவிடும்! பண்ணையில் பழைய கூலிதான். கேட்டால் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவார்கள். கேட்டவர்களில் முதல் ஆள் என் அண்ணன்.

நான் லீவில் வந்திருந்தேன். குறுவை அறுப்பு. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை. அண்ணனும் தெரு ஜனமும் வயலுக்குப் போகும் வரப்பை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் லாரியில் வந்தவர்கள், என்ன செய்வதென்று தெரியாமல் அரிவாளோடு நின்றார்கள். அவர்களும் எங்களைப் போலக் கஞ்சிக்கு வந்தவர்கள்தானே?

பண்ணையின் வேலைகளைக் கவனிக்கும் காரியக்காரர் வந்தார். கையில் பண்ணையாரின் ரெட்டைக்குழல் துப்பாக்கி. குழல் மேல் நேற்றுப் பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தது. கட்டையில் வாடிய சாமந்தி.

“எந்திரிங்கடா. அறுப்புக்கு நேரமாவுது.”

“சட்டக்கூலி குடுங்க, நாங்களே அறுத்துக் கட்டிக் குடுக்கிறோம்” என்றார் அண்ணன்.

“சட்டம் பேசுறியா? இது பேசினா நீ தாங்குவியா?” துப்பாக்கியைத் தூக்கி அண்ணன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். விரல் விசையில்.

அண்ணி அலறினார். அண்ணன் எழுந்து நின்றார். வீம்பு! “பேசச் சொல்லுங்க, கேப்போம்” என்றார்.

காரியக்காரர் உதட்டோரம் சிரிப்பதை நான் பார்த்தேன். மிரட்டத்தான் வந்திருக்கிறார். ஒருதடவை விசையை இழுத்து ‘டக்’ என்று சத்தம் கேட்க வைத்தால் கூட்டம் சிதறிவிடும் என்று கணக்கு. அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரு ஆள் மேல் குழல் திரும்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் கால் பழகியிருக்கவில்லை. பாலக்காட்டுக் குரல் காதுக்குள் கத்துகிறது.

கூட்டத்தில் வாய் திறக்காதவன் நான். அன்று எப்படித் திறந்தேனோ! நடுவில் போய் நின்றேன்.

“ஐயா... அத இப்படிக் கொஞ்சம் குடுங்க. பாத்துட்டுத் தந்துடறேன்.”

எங்கள் ஆட்களே திகைத்துவிட்டார்கள். காரியக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அட, நம்ம மிலிட்டரி! நீ அங்க தோச ஊத்துற ஆளுதானடா? இத எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா ஒனக்கு? இந்தா, பிடி பாப்போம். காலித் துப்பாக்கிதான், பயப்படாத!”

லாரியில் வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். காரியக்காரர் தூக்கிக் கொடுத்தார்.

வாங்கினேன். வாய் தரைக்குத் திரும்பியது. அதை நான் செய்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. பண்ணையார் கொக்கு சுடும்போது இந்தத் துப்பாக்கியை மடிக்கிறதைத் தூர இருந்து பார்த்திருக்கிறேன். கட்டைவிரலால் குழலைப் பூட்டும் சின்ன நெம்புகோலை ஒதுக்கினேன். மடிந்தது.

உள்ளே இரண்டு தோட்டா. பித்தளைப் பின்பக்கம் காலை வெயிலில் பளபளவென்று மின்னியது.

தோட்டாக்களை உருவி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். காரியக்காரர் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் விஷயம் தெரிந்து பண்ணையாரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். அந்த அம்மாதான் அழுதுகொண்டே சொன்னார். “பூஜையில நெல்லு அளக்குற மரக்கால வெறுமனே வெப்பமா? நெல்லு குமிச்சுத்தானே வெப்போம். இத மட்டும் காலியா வெக்கக்கூடாதுன்னு நாந்தாங்க இவங்கள உள்ள தோட்டா போடச் சொன்னேன். இன்னைக்குக் காலையில எடுத்துடறேன்னாங்க... எடுக்கல.”

காலையில் பண்ணையார் எழுவதற்கு முன்பே காரியக்காரர் பூஜை அறையில் நுழைந்து துப்பாக்கியைத் தூக்கி வந்துவிட்டார். கொக்கு சீசன் முடிந்து மாதக்கணக்காக அது காலியாகவே தொங்கியது அவருக்குத் தெரியும். பூஜைக்கு நிறைத்து வைத்தது தெரியாது. எங்கள் சீமையைத் தவிர வேறெங்காவது இப்படி ஒரு தப்பு நடக்குமா?

காரியக்காரர் வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அண்ணனைப் பார்த்து, “சத்தியமா எனக்குத் தெரியாதுடா” என்றார்.

அண்ணன் அப்போதும் உட்காரவில்லை. “தெரியாதுன்னா ஏங்க கையில எடுத்தீங்க?” என்றார்.

அன்றைக்கே சட்டக்கூலி கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. லாரி திரும்பிப் போனது. தாசில்தார் வந்தார், பேசினார்கள், மறுபடி பேசினார்கள். கேட்டதில் பாதி கிடைத்தது. அடுத்த போகத்தில் மீண்டும் அதே வரப்பு, அதே மறியல். ஆனால் துப்பாக்கி மட்டும் வரவில்லை. பண்ணையார் தானே அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். காரியக்காரர் என்னைத் தெருவில் பார்த்தால் “எப்பப்பா லீவு முடியுது?” என்பார். ஊர்ப்பொடியன்கள் என்னை ‘தோசை மிலிட்டரி’ என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

கிளார்க் தம்பிக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். நீங்கள் பார்டரில் நிற்க வேண்டாம் தம்பி. டைப் மட்டும் அடியுங்கள். ஆனால் அந்த உடுப்பைப் போட்ட பிறகு, எங்கோ ஒரு நாள், யாரோ ஒருவர், ‘காலிதான்’ என்று சொல்லி ஒன்றை உங்கள் கையில் கொடுப்பார்கள். லீவில் வந்தாலும் கொடுப்பார்கள். என் வேலை கரண்டி பிடிப்பது என்று அந்த நேரத்தில் சொல்ல முடியுமா? காரியக்காரர் அதைத் தொடாமலே இருந்திருக்கலாம், எடுத்தது அவர் தப்பு. உடுப்புப் போட்ட நம் கைக்கு அது தானாக வரும். குறி தவறட்டும், பரவாயில்லை. பார்பருக்கு மார்க் கிடைக்கட்டும். கையில் வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் சமையல்காரனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை தோள் வீங்கினால் வீங்கட்டுமே!

பாலக்காட்டு ஹவில்தார் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. தீய விட்ட சப்பாத்திகளுக்காக அவரிடமும் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

இதை எழுதும்போது உள்ளே பூஜைக்கு எல்லாம் அடுக்கியாகிவிட்டது. அரிவாள்மனை, என் பழைய கரண்டி, இந்தப் பேனா, குவித்து வைத்த மரக்கால் நெல். அண்ணன், அண்ணியோடு வந்திருக்கிறார். தலை முழுக்க நரை. வந்ததும் வராததுமாக மரக்காலுக்குள் விரலை விட்டுத் துழாவிவிட்டு, “உள்ள வேற ஒண்ணும் இல்லியேடா?” என்று கேட்கிறார்.

வருஷா வருஷம் கேட்பார். வருஷா வருஷம் நாங்கள் சிரிப்போம். அண்ணி மட்டும் சிரிப்பதில்லை.

எழுதி முடித்தது: புரட்டாசி இருபத்தேழு, ஆயுத பூஜை.