ஏழாவது துண்டு

ஃபுசாயே அக்காவைப் போல ஒரு கள்ளியை எங்கள் ஒசாகாவில் நான் பார்த்ததில்லை. கடைத்தெருக் கோடியில் அவளுடைய சாப்பாட்டுக் கடை, பக்கத்தில் என் சலூன். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆளாய் நின்று, கோழி பொரித்தே காலத்தை ஓட்டியவள். வாடிக்கையாளரோடு உட்கார்ந்து அவள் ஒரு வாய் சாப்பிட்டதை யாரும் கண்டதில்லை. கேட்டால், "முதலாளி உக்காந்தா கடை படுத்துடும்" என்பாள்.

கோழியை நாங்கள் ஒரே தட்டில் வாங்கிப் பங்கிட்டுத்தான் சாப்பிடுவோம். கடைசித் துண்டை மட்டும் எவனும் தொடமாட்டான். தொட்டால் மானம் போய்விடும். "நீங்க எடுங்க", "ஐயோ, நீங்க" என்று தட்டைத் தள்ளித் தள்ளியே அது ஆறிவிடும். அதற்குக் கூச்சக் கட்டி என்று எங்கள் ஊரில் பெயரே உண்டு. நாக்கில் எச்சில் ஊற அதையே பார்த்துக்கொண்டு பீர் குடிப்பதற்குப் பெயர் நாகரிகம்.

நானும், பொதுக் குளியல்கூடம் நடத்தும் ஒகுடாவும், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் நிஷிவாக்கியும் ஒரே மேசை. எங்கள் மூன்று பேருக்கு அக்கா ஏழு துண்டு வைப்பாள். இரண்டு பேர் வந்தால் ஐந்து. என்ன தாராள மனசு என்று நாங்களும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். ஒரு நாள் ஒகுடா வராத சமயம், சமையல்கட்டுத் திரை காற்றில் விலகியது. உள்ளே அக்கா நின்றபடியே எங்கள் கூச்சக் கட்டியை எலுமிச்சை பிழிந்து ருசித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாவி! எங்கள் மரியாதைதான் அவளுக்கு ராச்சாப்பாடு.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினால், நிஷிவாக்கி கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"பாவம்யா, ஆறிப்போனதையே சாப்பிடறாங்க" என்றார்.

மனுஷன் அக்காவிடம் விழுந்துவிட்டார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. விழுந்து என்ன பயன்? வாயைத் திறக்க வேண்டுமே. மனைவி இல்லாத வீட்டில் தனியாக எதற்கு என்று தூரத்துச் செண்டாய் நகரத்திலிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒரேயடியாக அங்கே போய்விட டிக்கெட்டும் வாங்கிவிட்டார். போக இஷ்டமில்லை என்பது தெருவுக்கே தெரியும். இருங்கள் என்று ஒருத்தி சொன்னால் இருந்துவிடுவார். அந்த ஒருத்தியோ கோழி பொரித்துக்கொண்டிருந்தாள்.

புறப்படுவதற்கு முந்தைய மாலை வழக்கம்போல் ஏழு துண்டு வந்தது. ஆறு தீர்ந்தது. "நீங்க எடுங்க" என்று ஒகுடா ஆரம்பித்தான். நிஷிவாக்கி சாப்பாட்டுக் குச்சியை நீட்டி, ஏழாவதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒகுடாவுக்குப் பீர் புரையேறியது.

தட்டெடுக்க வந்த அக்கா வெறும் தட்டைப் பார்த்தாள்.

"யாரு தின்னது?"

"நான்தான், ஃபுசாயேம்மா."

"வெக்கமா இல்ல உங்களுக்கு? அது என்னோட..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும், உங்களோடதுதான். தினமும் ஆறினதையே நின்னுக்கிட்டு சாப்பிடறீங்க. இன்னிக்காவது இன்னொரு தட்டு பொரிச்சு, இங்க உக்காந்து சூடா சாப்பிடுங்க. நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனாள். எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது. கோபத்தில் பொரிக்கிறாளோ என்று நான் திரைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தட்டோடு வந்தவள், ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் மாட்டிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். தட்டில் மூன்றே துண்டு. இருவரும் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டார்கள். நானும் ஒகுடாவும் அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

"நீங்க எடுங்க" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

அக்கா அந்த மூன்றாவது துண்டைக் குச்சியால் இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியை வாயில் போட்டாள். மறு பாதியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து மூடி, தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இது உங்க பங்கு. நாளைக்குச் சாயங்காலம் வந்து சாப்பிடுங்க."

நிஷிவாக்கி சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். எங்கே கிழிப்பாரோ என்று பார்த்தால், சாஸ் பாட்டிலுக்கு அடியில் அதைச் செருகிவிட்டு, "நாளைக்கு அது ஆறியிருக்குமே?" என்று கேட்டார்.

"ஆறினதை நான் தின்னுக்கறேன்" என்றாள் அக்கா. "உங்களுக்குப் புதுசாப் பொரிக்கறேன்."