காற்றின் மேல் போட்ட பழி

காற்று, காற்று என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நாங்கள் கட்டிய விமானம் இறங்கும்போது வாய்க்காலில் விழுந்த நாளிலிருந்து, என் அக்காள் கணவர் பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். "சைடு காத்து தூக்கிருச்சிலா. நாம என்ன செய்ய முடியும்?" கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு பேர் போகக்கூடிய அந்த விமானத்தை நானும் மச்சானும் கெப்பாலா பத்தாஸில் ஒரு கொட்டகையில் நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்துக் கட்டினோம். எத்தனையோ கல்யாணங்களுக்கு நான் போகவில்லை.

பறப்பதற்கு முன் ஒரே ஒரு விதி போட்டோம். புல் ஓடுதளத்தின் பாதியில் ஒரு சிவப்பு டிரம் வைத்தோம். அதைத் தாண்டுவதற்குள் சக்கரம் தரையைத் தொடாவிட்டால், பக்கத்தில் இருப்பவன் "மேலே!" என்று கத்த வேண்டும். ஓட்டுபவர் மறுபேச்சில்லாமல் திரும்ப வானில் ஏறிவிட வேண்டும். விதியை எழுதியதே மச்சான்தான்.

அன்று காலை அவர் வேகத்தைக் குறைக்காமல் இறங்க வந்தார். இவ்வளவு லேசான விமானம் அப்படி வந்தால் தரையில் உட்காராது, மிதந்துகொண்டே போகும். டிரம் நெருங்கியது. கத்த வேண்டிய நான் என்ன செய்தேன்? என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர். குரலைத் தணித்துக்கொண்டு, "மேல போயிரலாமா மச்சான்?" என்றேன். தேநீர் குடிக்கக் கூப்பிடுவதுபோல!

"உக்காந்துரும்டா," என்றார்.

உட்காரவில்லை. டிரம்மைத் தாண்டித் தரையில் மோதித் துள்ளியது. அவர் பதறிப்போய் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினார். அடுத்த மோதலில் முன்சக்கரம் ஒடிந்து, வாய்க்காலில் போய்க் கவிழ்ந்தோம். அவருக்கு நெற்றியில் தையல், எனக்குத் தோள் பிசகியது. பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பிறகு ஒருநாள் சுங்கை பினாங்கில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் எதிரே இருந்தார். அக்கா என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ரிப்பேர் முடிஞ்சதும் பாப்பாவ ஏத்திக்கிட்டுப் போறேங்கிறாரு. நெசமாவே காத்துதானாடா?"

பாப்பா அவர்களுடைய ஒரே மகள். அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். வழக்கம்போல் மென்று விழுங்கத்தான் வாய் போயிற்று.

"காத்தே இல்லக்கா!" என்று கத்திவிட்டேன். "ஓவர் ஸ்பீடுல வந்தாரு. எறங்கியே இருக்கக் கூடாது. அவரு போட்ட ரூலை அவரே கேக்கல!"

மச்சான் சோற்றுக் கையோடு எழுந்து போனார். அவரிடமிருந்த கொட்டகைச் சாவி மறுநாள் அக்கா மூலம் என்னிடம் வந்தது. அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. பாப்பாவை ஏற்றுவதைப் பற்றியும் பேச்சில்லை, அந்த மட்டில் நல்லது.

இப்போது நான் தனியாக நசுங்கிய தகட்டை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். எரிச்சல் முழுக்க என்மேல்தான். அந்தக் கத்தலை வானத்திலேயே கத்தியிருந்தால், மச்சான் இறங்கியதும் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறுபடி பேசியிருப்பார்.