அப்பாவின் துப்பாக்கியில் இருந்த ஸ்டார்

தையல் மெஷின் எண்ணெய் வாசனை வந்தாலே எனக்கு இன்றும் பக்கென்று இருக்கும். யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார், அப்பா பீரோவைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம்.

சிட்லபாக்கம் வீட்டில் எங்களிடம் ஒரு பழைய ரிவால்வர் இருந்தது. வெள்ளைக்காரன் ராணுவத்தில் இருந்த தாத்தா விட்டுப்போனது. லைசென்ஸ் உண்டு, தோட்டா கிடையாது. தையல் மெஷின் எண்ணெய் போட்டுத்தான் அப்பா அதைத் துடைத்து வைப்பார். வந்தவர் கேஸ் சிலிண்டர் போடுகிறவராக இருந்தாலும் சரி, அப்பா கையில் லென்ஸைக் கொடுத்து, குழல் ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கும் பொடி முத்திரையைப் பார்க்கச் சொல்வார்.

"ஸ்டார் தெரியுதா சார்? எங்கப்பாவோட வீரத்துக்காக அடிச்சுக் குடுத்தது."

தெரிகிறது என்று சொல்லும்வரை விடமாட்டார். காபி ஆறிப்போகும்...

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா கெஞ்சினாள். "இன்னிக்கு ஒரு நாள் அதை வெளிய எடுக்காதீங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு."

அப்பா சரி என்றார். கேசரித் தட்டு வந்தது. பின்னாலேயே ரிவால்வரும் வந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா ராணுவ ஆயுதக் கிடங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். லென்ஸை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"ஸ்டார் இல்ல சார். ரெண்டு அம்பு, முனையோட முனை வெச்சு அடிச்சிருக்கான். ஒரு அம்பு இருந்தா சர்க்கார் சொத்து. இப்படி ரெண்டு இருந்தா, இனிமே வேணாம்னு வித்துட்டான்னு அர்த்தம்."

அப்பா "ஓஹோ" என்றார். துப்பாக்கியைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்.

சம்பந்தம் முடிவானது. அதன்பிறகு அப்பா அதை யாருக்கும் காட்டவில்லை. வருஷக்கணக்காக நாங்கள் வேண்டிக்கொண்டது நடந்தது... ஆனால் வந்தவர்களிடம் பேச ஒன்றும் இல்லாமல் அவர் ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைச் சகிக்க முடியவில்லை.

அந்தப் பெரியப்பாவாவது சும்மா இருந்தாரா? ஒரு விசேஷம் விடாமல், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, தான் முத்திரையைக் கண்டுபிடித்த கதை. பக்கத்து இலையில் அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது அப்பா இல்லை. லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. வருகிறவர்கள் உட்கார்ந்ததும் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள். லென்ஸ் பீரோவில் கிடக்கிறது.

போன மாதம் அக்கா தன் புதுச் சம்பந்தியை அழைத்து வந்தாள். கூடவே பெரியப்பாவும். தள்ளாத வயது, ஆனாலும் ஆரம்பித்துவிட்டார். "இவங்கப்பா துப்பாக்கியில ஒரு மார்க் இருந்துது பாருங்க..."

நான் எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். ரிவால்வரைக் கொண்டுவந்து, சம்பந்தி கையில் லென்ஸைக் கொடுத்தேன்.

"அது ஸ்டார்தான் சார். எங்க தாத்தாவுக்குக் குடுத்தது." பெரியப்பா பக்கம் திரும்பினேன். "மாமா, உங்க காபி ஆறுது, குடிங்க."